பன்னிரண்டு மைக்ரோன் காற்று

ஃபிலிம் தொழிற்சாலையில் கணக்குப் புத்தகத்தில் ஏறாத சரக்கு ஒன்று உண்டு. அதை யாரும் ஆர்டர் கொடுத்து வாங்குவதில்லை, ஸ்டோரில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் வெளியே போகிற ஒவ்வொரு ரோலிலும் அது ஏறிக்கொள்கிறது. காற்றைத்தான் சொல்கிறேன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அதனோடு மல்லுக்கட்டுவதில் போயிற்று. அதை அடியோடு விரட்ட நினைப்பது வீண்வேலை, எவ்வளவு உள்ளே வரலாம் என்று நாம் தீர்மானிப்பதே தொழில் என்று புரிய நெடுங்காலம் ஆயிற்று.

1980-களின் கடைசி. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். சந்தைப் பக்கம் மீன் இறக்கும் சத்தம், லக்சாக் கடையில் அடுப்பு மூட்டும் புகை, மேலே கெக் லோக் சி கோயிலின் மங்கலான விளக்குகள். எங்கள் பகுதியில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் போகிற பஸ்ஸில் ஏறுவார்கள். 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள்தான் பினாங்குத் தீவின் சோற்றுப்பானை. நான் ஏறிய பஸ் எதிர்த்திசையில் போகும். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலத்தைக் கடந்து, பெருநிலத்தில் பிறைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத் தொழிற்சாலை. பிஸ்கட், மீகூன், காப்பித்தூள், கறித்தூள் என்று கடையில் தொங்குகிற பாக்கெட்டுகளுக்கான ஃபிலிமை அச்சடித்து, ஒட்டி, நறுக்கி, ரோலாகச் சுற்றிக் கொடுப்பது எங்கள் வேலை.

கறித்தூள் வேலை ஓடுகிற நாளில் எனக்குத் தனி உற்சாகம். தமிழ் எழுத்துகள் நிமிடத்துக்கு நூறு மீட்டர் வேகத்தில் தலைக்கு மேலே பறக்கும். அந்தக் கூடத்தில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். எழுத்து தலைகீழாக ஓடுகிறதா, கொம்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்க மேனேஜர் எங்களைத்தான் கூப்பிடுவார்.

எனக்குப் போட்ட இடம் நறுக்கிச் சுற்றும் பிரிவு. அங்கே தலைவர் ஒரு வயதான சீனர். எல்லாரும் அவரை ஆ பெக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களைத் தம்பி என்பார். எங்கள் பேச்சு மலாயும் ஹொக்கியனும் கலந்த சந்தை மொழி. கையில் எப்போதும் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார். சுற்றி முடித்த ரோலை மையத்தில் ஒரு தட்டு, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு தட்டு. கெட்டியான ரோல் "டக்" என்னும். காற்று புகுந்த ரோல் "தொப்" என்னும். அதைக் கேட்டதுமே ரோலில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

அந்த வட்டங்கள் திடீரென்று பெருகியது புதிய மெஷின் வந்தபோது. பழைய மெஷின் நிமிடத்துக்கு நூறு மீட்டர் ஓடும். புதியது இருநூறு. அதே ஃபிலிம், அதே மை, அதே ஆட்கள். ஆனால் ஃபிலிம் ரோலர் மேல் நேராக ஓடாமல் பக்கவாட்டில் அலைந்தது. அச்சின் மேல் மெல்லிய கீறல்கள் விழுந்தன. சுற்றிய ரோலைத் தூக்கினால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஒரு பக்கம் கூம்பாகப் புடைத்துக்கொண்டு வந்தது. ஒருமுறை பாலம் தாண்டித் தீவுக்குப் போன லாரியில் வரிசையாக நிறுத்தியிருந்த ரோல்கள் எல்லாம் இப்படிச் சரிந்து, போன லாரியிலேயே திரும்பி வந்தன.

மேலேயிருந்து வந்த உத்தரவு ஒன்றே: "டென்ஷனைக் கூட்டு." தொளதொளவென்று இருந்தால் இறுக்கிக் கட்டு என்பது யாருக்கும் முதலில் தோன்றுவதுதான். இறுக்கினோம். ரோல் கெட்டிப்பட்டது. ஆனால் கறித்தூள் பாக்கெட்டில் வேறு தொல்லை முளைத்தது. உள்பக்கம் ஒட்டியிருந்த பாலித்தீன் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பொட்டலம் போடுகிற மெஷின், ஃபிலிமின் ஓரத்தில் அச்சடித்த சின்னக் கறுப்புக் கட்டத்தைக் கண்ணால் பிடித்துத்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும். ஃபிலிம் சுருங்கினால் அந்தக் கட்டங்களின் இடைவெளியும் மாறும். வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். "தூள்" என்ற சொல்லின் நட்டநடுவே கத்தி விழுந்திருந்தது.

ஆ பெக் உத்தரவைக் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், பிறகு தன் வேலையைச் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தி, தானாகச் சுழலும் ஐட்லர் ரோலர் ஒன்றில் காகித டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். நடுவிலிருந்து இடப்பக்கம் ஒரு சுருள், நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு சுருள். இரண்டு சுற்றுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. "எதுக்கு பெக்?" என்றேன். "அங்ஙின் தம்பி. காற்று. அது வெளியே போக வழி வேணும். நீ கதவைச் சாத்திட்டு அதை இடிச்சுத் தள்ளுறே." மெஷின் மறுபடி ஓடியபோது, அதுவரை நழுவி நழுவிச் சுழன்ற அந்த ரோலர் ஃபிலிமோடு சேர்ந்து ஓடியது. கீறலும் குறைந்தது.

அந்த டேப் செய்த வேலையை இப்படி விளக்கலாம். ஓடுகிற எந்தப் பரப்பும் தன்னை ஒட்டிய காற்றை இழுத்துக்கொண்டே ஓடும். காற்றுக்கும் பிசுபிசுப்பு உண்டு. அது தண்ணீரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் போதும். ஃபிலிம் ஒரு பக்கமிருந்து காற்றைக் கொண்டுவருகிறது, சுழலும் ரோலர் மறுபக்கமிருந்து கொண்டுவருகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் ஆப்பு வடிவத்தில் குறுகிக்கொண்டே போகிறது. வந்த காற்றெல்லாம் திரும்பிப் போக முடியாமல் அந்த ஆப்பில் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது, ஃபிலிமைத் தூக்குகிறது. தூக்குவதற்குப் பெரிய பலமும் வேண்டாம். ஒரு மீட்டர் அகல ஃபிலிமைச் சுமார் பத்துக் கிலோ எடைக்குச் சமமாக இழுத்து, பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோலர் மேல் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். ஃபிலிம் ரோலரை அழுத்துகிற அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். காற்று அந்தச் சொற்ப அழுத்தத்தை எட்டிவிட்டால் ஃபிலிம் மிதக்கத் தொடங்கும். அப்புறம் ரோலரைச் சுழற்றப் பிடிப்பு ஏது? ஐட்லர் தன் தாங்கியின் உராய்வால் பின்தங்குகிறது, ஃபிலிம் அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. முழுதாக மிதந்தால்கூடக் கீறல் விழாது. அரைகுறையாக மிதப்பதுதான் கெடுதல். ஆ பெக் சுற்றிய டேப் சுருளுக்கு நடுவே இருந்த பள்ளம், அகப்பட்ட காற்றுக்கு வெளியேறும் வாய்க்கால்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆயர் ஈத்தாம் சாலையோரம் நகரத்துக்குப் போகும் வழியில் வண்ணாந்துறை இருக்கிறது. நம் தமிழ்ச் சலவைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொழில் செய்த இடம். சின்ன வயதில் அங்கே வேட்டிகளை நீரில் விரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நனைந்த துணி காற்றைக் கவ்விக்கொண்டு குடைபோல உப்பும். துவைப்பவர் அதன்மேல் ஓங்கி அடிக்கமாட்டார், உள்ளங்கையை நடுவில் வைத்து ஓரத்தை நோக்கித் தடவுவார். காற்று ஓரம் வழியாகப் போய்விடும். ஆ பெக்கின் டேப் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் ஓடியது அதே கணக்கில்தான்.

ஆனால் எங்களை வதைத்த அந்தக் காற்று என் வீட்டுக் கூடத்திலேயே நல்ல பிள்ளையாக வேலை செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது வீடியோ காலம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தமிழ்ப்படக் கேசட்டும் டெக்கும் வாடகைக்குக் கொடுப்பார்கள். வி.எச்.எஸ். டெக்குக்குள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை இருக்கும். நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில் அது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும். நாடா நகர்வதோ நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. உருளையின் பரப்போ நொடிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் வேகத்தில் பறக்கிறது. நாடா உருளையோடு அப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், சுழலும் உருளை இழுத்து வருகிற மெல்லிய காற்றுப்படலம். உருளையில் செதுக்கியிருக்கும் நுண்ணிய பள்ளங்கள் அந்தக் காற்று அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ளும். படத்தைப் படிக்கிற முனை மட்டும் சற்றே துருத்திக்கொண்டு நாடாவைத் தொடும்.

கடையில் குளிர்சாதனம் உண்டு. டெக்கை அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து உடனே போட்டால் சில சமயம் ஓடாது. "டியூ" என்று ஒரு விளக்கு எரியும். மலையடிவாரத்து மழைக்கால ஈரம் குளிர்ந்த உருளையில் வியர்த்துவிடும். ஈரம் படிந்த உருளையில் நாடா ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். அது நடக்காமல் இருக்கத்தான் மெஷின் தானே நின்றுவிடும். பெரியம்மா டெக்கைத் திட்டிக்கொண்டே விசிறியைத் திருப்பி வைப்பார். உருளை காய்ந்த பிறகுதான் படம்.

இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர்கள் யார் என்பதை ஒரு மெஷின் விற்பனை நிறுவனத்தின் பொறியாளர் நடத்திய மாலை வகுப்பில் தெரிந்துகொண்டேன். 1953-இல் நெதர்லாந்தின் பிளாக்கும் வான் ராசமும் வளைந்த தகடு ஒன்று சுழலும் தண்டின் மேல் மசகுப் படலத்தில் மிதப்பதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 1960-களில் காந்த நாடா எந்திரங்களால் இந்த ஆராய்ச்சி வேகம் பிடித்தது. 1965-இல் எஷெலும் எல்ராடும் அகலமான, வளைந்து கொடுக்கும் தாளுக்கான கோட்பாட்டைத் தந்தார்கள். 1971-இல் நாக்ஸ், ஸ்வீனி இருவரும் அதை ஃபிலிம் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சூத்திரம் ஒரு வரிதான். காற்றின் பிசுபிசுப்பை வேகத்தால் பெருக்கு, 12-ஆல் பெருக்கு, ஒரு மீட்டர் அகலத்துக்கான இழுவிசையால் வகு. வந்த எண்ணை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்து. அதை ரோலரின் ஆரத்தாலும் 0.643-ஆலும் பெருக்கு. வருவது காற்றுப்படலத்தின் தடிமன்.

பஸ்ஸில் திரும்பும்போது என் மெஷினுக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர் ரோலர், இருநூறு மீட்டர் வேகம், பத்துக் கிலோ இழுப்பு. விடை சுமார் 12 மைக்ரோன். எங்கள் அச்சு ஃபிலிமின் தடிமன் 20 மைக்ரோன். அதாவது ரோலருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, ஃபிலிமில் பாதிக்கு மேல் தடிமனான இன்னொரு ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய நூறு மீட்டர் வேகத்துக்குப் போட்டால் ஏழரை மைக்ரோன்தான். பழைய மெஷினின் ரோலர்கள் தேய்ந்து சொரசொரப்பாகிக் கிடந்தவை. ஏழரை மைக்ரோனை அந்தச் சொரசொரப்பே விழுங்கிவிட்டது. புதிய மெஷினின் ரோலர்கள் கண்ணாடிபோலப் பளபளத்தன. அழகு பார்த்து வாங்கிய பளபளப்பே காற்றுக்கு வசதியாகிவிட்டது.

சூத்திரம் இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னது. இழுப்பை இரட்டிப்பாக்கினாலும் படலம் மூன்றில் ஒரு பங்கும் சொச்சமும்தான் குறையும். ஃபிலிமைப் பாழாக்கிக்கொண்டு அடைகிற அந்த லாபம் கொஞ்சம்தான். இரண்டாவது, ரோலர் பெரிதானால் காற்றும் அதே விகிதத்தில் கூடும். பெரிய ரோலர் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் எங்கள் கூடத்தில் எல்லாரும் நம்பினோம். அது நேர்மாறு. சுற்றுகிற ரோலுக்கும் இது பொருந்தும். சுற்றச் சுற்ற ரோல் பெருக்கிறது, அதன் ஆரம் கூடுகிறது, உள்ளே புகும் காற்றும் கூடுகிறது. நடுக்குழாயான கோரின் அருகே கல்லாக இருக்கும் ரோல் மேலே வழுக்குப்பாறை ஆவதற்கு அதுவும் காரணம். அதனால்தான் சுற்றும் இடத்தில் ரப்பர் ரோலர் ஒன்று ரோலின் முதுகில் அழுத்திக்கொண்டே வரவேண்டும். காற்று உள்ளே நுழையும் வாசலிலேயே அதைப் பிழிந்து விடுவது அதன் வேலை. இழுப்பைக் கூட்டாமல் அந்த ரப்பர் ரோலரின் அழுத்தத்தைச் சரிசெய்ததில்தான் எங்கள் ரோல்கள் சரிவது நின்றது. ஐட்லர்களையும் கழற்றி அனுப்பிப் பள்ளம் வெட்டி வாங்கினோம். ஆ பெக்கின் டேப் அதன்பிறகு தேவைப்படவில்லை. டேப் விளிம்பின் தடம் மெல்லிய ஃபிலிமில் பதியும் என்பதால் அவருக்கே அதில் முழுத் திருப்தி இருந்ததில்லை.

ரோலுக்குள் எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்று அளக்க ஆ பெக்குக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. அளவு நாடாவால் ரோலின் விட்டத்தை அளப்பார், மீட்டர் கவுண்டரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குள் இருந்த கணக்கை நான் பிறகு எழுதிப் பார்த்தேன். ஒன்பது சென்டிமீட்டர் கோரில் 20 மைக்ரோன் ஃபிலிமை 6,000 மீட்டர் சுற்றினால் ரோலின் விட்டம் 40 சென்டிமீட்டர் வரவேண்டும். அடுக்குக்கு அடுக்கு ஒரே ஒரு மைக்ரோன் காற்று இருந்தால் அது 41 ஆகும். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட அடுக்குகளில் ஒளிந்திருந்த காற்று, ஒரு சென்டிமீட்டராக வெளியே வந்து நிற்கும். அந்தக் காற்று ஓரங்கள் வழியாக மெல்லக் கசியும். அகலமான ரோலில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழி நீளம் என்பதால் கசிய அதிக நேரம் பிடிக்கும். கசிந்து முடிந்ததும் அடுக்குகள் தளர்ந்து சுருக்கம் விழும். சுற்றிய அன்று பளிங்குபோல இருந்த ரோல் மறுநாள் காலை முகம் சுளித்துக்கொண்டு நிற்பதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் காற்றே இல்லாத இடத்தில் சுற்றிவிட்டால் என்ன? அதையும் செய்கிறார்கள். நொறுக்குத்தீனிப் பாக்கெட்டின் உள்ளே வெள்ளிபோல மின்னுவது அலுமினியம். வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, ஓடுகிற ஃபிலிமின் மேல் படியவிடுவார்கள். அந்த அறைக்குள் இழுத்து வரக் காற்றே இல்லை. ரோலர் ஃபிலிமை இறுகப் பிடித்துக்கொள்ளும், நழுவுதல் என்ற பேச்சே கிடையாது. அங்கே தொல்லை வேறுவிதம். அடுக்குகளுக்கு நடுவே மெத்தையாக எதுவும் இல்லாததால் வழவழப்பான ஃபிலிம்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஒரு சின்னத் தூசி பல அடுக்குக்கு மேலேயும் பருவாகத் தெரியும். ஒரு சுருக்கம் விழுந்தால் நகர்ந்து சரியாக இடம் கிடைக்காது. அப்படி வந்த ரோல்களை எங்கள் மெஷினில் பிரித்துச் சுற்றும்போது, நான் நாள்தோறும் சபித்த காற்று எவ்வளவு தேவையான சரக்கு என்று புரிந்தது.

பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த என் சின்னம்மா மகளும் இதையே வேறு கோணத்தில் சொன்னாள். 1990-களில் பினாங்கு வன்தட்டுத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று. சீகேட், கோமாக் போன்ற நிறுவனங்கள் இங்கே இருந்தன. வன்தட்டில் தரவைப் படிக்கும் முனை, சுழலும் தட்டு இழுத்து வருகிற காற்றின் மேல்தான் மிதக்கிறது. அந்தக் காலத்தில் அந்த இடைவெளி நூறு நானோமீட்டருக்கும் கீழே. எங்கள் 12 மைக்ரோனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. "உங்க ஆட்கள் காற்றை வெளியேத்த ரோலரில் பள்ளம் வெட்டுறீங்க. எங்க ஆட்கள் காற்றைப் பிடிச்சு வைக்க முனையில் பள்ளம் செதுக்குறாங்க" என்று சிரிப்பாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஏறி, பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே இயற்பியலில் சம்பளம் வாங்கினோம்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். அக்கா மகன் பெருநிலத்தில் இதே தொழிலில் இருக்கிறான். அவன் மெஷின் நிமிடத்துக்கு நானூறு மீட்டர் ஓடுகிறது. என் பழைய ரோலரையும் இழுப்பையும் வைத்துக் கணக்குப் போட்டால் காற்று 19 மைக்ரோன். அவன் ஓட்டுகிற ஃபிலிமோ 12 மைக்ரோன். ஃபிலிம் மட்டுமல்ல, இதேபோல ரோலாக ஓடுகிற மின்கலத்துக்கான செப்புத்தகடும் ஆறு முதல் பத்து மைக்ரோன் வரை மெலிந்துவிட்டது. ஆக, ஃபிலிமைவிடக் காற்று தடிமனாக ஓடுகிற காலம் இது. மாலையில் வாட்ஸ்அப்பில் சுருக்கம் விழுந்த ரோலின் படம் வரும். "மாமா, டென்ஷனைக் கூட்டட்டுமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். நான் ஒவ்வொரு முறையும் எழுதுவது இதைத்தான்: டென்ஷன் குமிழைத் தொடாதே. ஒவ்வொரு ஐட்லரிலும் டாக்கோமீட்டரை வை. இருநூறு மீட்டரில் ஓட்டினால் பத்து சென்டிமீட்டர் ரோலர் நிமிடத்துக்கு 637 சுற்று சுழலவேண்டும். 560 காட்டினால் அந்த ரோலர் ஃபிலிமை விட்டுவிட்டது, நூற்றில் பன்னிரண்டு பங்கு நழுவுகிறது. எந்த ரோலர் என்று கண்டுபிடி, அதற்கு மட்டும் பள்ளம் வெட்டு. ரப்பர் ரோலர் ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி அழுத்துகிறதா என்று பார். பிறகு ரோலின் விட்டத்தை அளந்து, எத்தனை மைக்ரோன் காற்றை உள்ளே விட்டிருக்கிறாய் என்று எனக்கு அனுப்பு. அந்த எண் வந்த பிறகு டென்ஷனைப் பற்றிப் பேசலாம்.